பதிமூணாவது டெட்ரா

ஜூலை 4

காலையில் மீன்தொட்டியில் இரை போடும்போது எண்ணினேன். டெட்ரா பதினொன்றுதான் இருக்கிறது. மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான். செத்து மிதக்கவும் இல்லை, வெளியே துள்ளி விழவும் இல்லை.

மாமாவுக்குத் தெரிந்தால் தொலைந்தேன். எனக்கும் தேன்மொழிக்கும் கல்யாணம் முடிந்த மாதம் ஹாலில் அவர் வைத்த தொட்டி இது. இரண்டு ஏஞ்சல் மீன், பன்னிரண்டு டெட்ரா. அப்போது எல்லாமே பொடிசு. இப்போது ஏஞ்சல் இரண்டும் உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்துவிட்டன. டெட்ரா வளரவே இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் தொட்டி முன்னால் உட்காரவைத்து, "பெருசும் சிறுசும் எப்படி ஒத்துமையா கெடக்கு பாத்தியளா? நாலு வருசமாச்சு, ஒரு சண்டை கெடையாது" என்பார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். வந்தவர்களும் என்னைப் பார்ப்பார்கள். வீட்டோடு மாப்பிள்ளை நான் வேறு எங்கே பார்ப்பது? தொட்டியைப் பார்ப்பேன்.

ஜூலை 5

பஸ் ஸ்டாண்டு பக்கம் அஃப்ரோஸ் கடையில் ஒரு டெட்ரா வாங்கி, சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து விட்டேன். பன்னிரண்டு. நிம்மதி.

ஜூலை 9

பதினொன்று.

ஜூலை 13

லேபில் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போது மதுரையிலிருந்து போன். அங்கே ஒரு பெரிய லேபில் பொறுப்பாளர் வேலை. செப்டம்பர் ஒன்றாம் தேதி சேர வேண்டும், ஆகஸ்ட் 15க்குள் பதில் சொல்ல வேண்டும்.

தேன்மொழியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நெசமாவா? நம்ம ரெண்டு பேருக்குன்னு ஒரு வீடா? நான் வச்ச எடத்துல உப்பு இருக்கும்லா?" என்றாள். நாலு வருடத்தில் அவள் முகத்தில் இப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. அப்புறம் கேட்டாள். "அப்பாகிட்ட யாரு சொல்லுதது?"



ஜூலை 16

யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். உனக்கென்ன குறை என்பார்கள். முதல் தோசை எனக்கு. டிவி ரிமோட் எனக்கு. மாமா என்னை ஒரு நாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. ஆனால் லேப் காலண்டரை மாட்ட ஓர் ஆணி அடிக்கப் போனால், "ஆணி எதுக்கு மாப்ள, சுவரு பேந்துரும்" என்பார். சிவகிரிக்கு என் அம்மாவைப் பார்க்கப் போனால், "பொழுது சாய வந்துருவியள்லா?" என்பார். எனக்கு முப்பத்தாறு வயது! சண்டை போட்டால்கூடக் கோபித்துக்கொண்டு வெளியேறலாம். இவ்வளவு நல்லவரிடம் என்ன சொல்லிப் போவது? மூச்சு முட்டுகிறது.

ஜூலை 22

இன்று இரண்டு வாங்கினேன். அஃப்ரோஸ் கவரில் முடிச்சுப் போட்டுக்கொண்டே, "எத்தனை தடவைண்ணே வாங்குவிய? ஒங்க ஏஞ்சல்தான் திங்குது" என்றான். நம்பவில்லை. நாலு வருடம் தின்னாதது இப்போது ஏன் தின்ன வேண்டும்?

"சின்னதுல இருந்து கூடவே வளந்ததைப் பெரும்பாலும் தொடாது. புதுசா விடுததை அதுக்கு மீனாவே தெரியாது. வாய்க்குள்ள போற அளவுல இருந்தா இரைதான். நீங்க அதுக்குத் தீனி வாங்கிட்டுப் போறிய. இதையே இன்னொருத்தர்கிட்டயும் சொன்னேன், கேக்க மாட்டேங்காரு."

கேட்டுவிட்டு நானும் இரண்டையும் கொண்டுபோய் விட்டேன். எதற்கு? டெட்ரா குறைந்தால் மாமாவின் ஒற்றுமைப் பேச்சு அடிபட்டுப் போகும். அது எனக்கு நல்லதுதானே? பிறகு ஏன் நானே காவு கொடுத்து அந்தப் பேச்சைக் காப்பாற்றுகிறேன்? பயம். வேறென்ன. வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3

இன்று சொல்லிவிடுவது என்று இருந்தேன். காப்பி குடித்ததும் தொண்டையைச் செருமினேன். மாமா முந்திக்கொண்டார்.

"மாப்ள, மாடியில ரெண்டு ரூம் எடுக்கலாம்னு இருக்கேன். ஒங்க ரெண்டு பேருக்குந்தான். ஆடித்தபசு முடியட்டும், இஞ்சினியர் வாராரு."

உள்ளே தேன்மொழி கையிலிருந்து எதுவோ விழுந்த சத்தம். நான் "சரி மாமா" என்றேன். சரி மாமா! என் வாயை என்ன செய்வது?



ஆகஸ்ட் 7

ஆடித்தபசுத் திருவிழா. வீடு முழுக்க ஆள். புளியங்குடிச் சொந்தங்கள், வாசுதேவநல்லூர்ச் சொந்தங்கள். கோயிலுக்குப் போய் நெருக்கித் தள்ளி அம்பாளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் தொட்டி முன்னால் உட்கார்ந்து மாமா பேச்சைக் கேட்டார்கள். காலையில் பதினொன்றுதான் இருந்தது. ஆட்கள் வருவதற்குள் ஓடிப்போய் ஒன்று வாங்கி விட்டிருந்தேன். அந்தத் தைரியத்தில் நானும் சிரித்துக்கொண்டே எண்ணினேன்.

பதிமூன்று.

ஆகஸ்ட் 8

இன்றும் பதிமூன்று. டெட்ரா வீட்டுத் தொட்டியில் அவ்வளவு லேசில் குஞ்சு பொரிக்காது. தேன்மொழியைக் கேட்டேன். "எனக்கு இருக்கிற கவலையில மீன்தான் கொறச்சல்" என்று எரிந்து விழுந்தாள். அத்தை தொட்டிப் பக்கமே போகமாட்டார். அப்படியென்றால்?

ஆகஸ்ட் 12

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் எண்ணியபோது பத்து. சாயங்காலம் லேபிலிருந்து நேராக அஃப்ரோஸ் கடைக்குப் போய் இரண்டு வாங்கித் திரும்பினால் கடை வாசலில் மாமா. குடையை மடித்துக்கொண்டு நிற்கிறார். அஃப்ரோஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேட்காமலே இரண்டு டெட்ராவைப் பிடித்து அவரிடம் நீட்டினான்.

என் கையில் ஒரு கவர். அவர் கையில் ஒரு கவர்.

"எத்தனை நாளா மாமா?"

"போன வருசத்துல இருந்து." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நடுவுல ஒரு மாசம் கொறையவே இல்ல. அது திருந்திட்டுன்னு நெனச்சேன் மாப்ள."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. மின்வாரியத்தில் முப்பது வருடம் எல்லோரையும் அதட்டி வேலை வாங்கிய மனுசன், பயந்துபோய் நின்றார். இந்த ஆளுக்கா நான் இத்தனை நாள் பயந்தேன்?

பைக்கில் ஏற்றிக்கொண்டேன். இரண்டு கவரும் அவர் மடியில். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "மாமா, மதுரையில வேலை கெடைச்சிருக்கு. தேனுவைக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். அவளுக்கும் ஆசைதான்."

ரதவீதி தாண்டி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை.

"வண்டியைத் திருப்புங்க மாப்ள."

"எங்க மாமா?"

"இந்த நாலையும் அந்தப் பயகிட்டயே குடுத்துட்டு வந்துருவோம். தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு உள்ள விடணும்?"

திருப்பினேன். போகிற வழியில் மதுரையில் தண்ணீர் வசதி எப்படி என்று மட்டும் கேட்டார். விசாரிக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 31

மதுரை. இன்னும் மூட்டை பிரிக்கவில்லை. பாயை மட்டும் விரித்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் சங்கரன்கோவிலில் பஸ்ஸுக்குச் சரியான கூட்டம். பஸ் நிற்பதற்குள் மாமா ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் தோள் துண்டைப் போட்டுவிட்டார். வேண்டாம் மாமா என்று கத்தினேன், எங்கே கேட்டார். யாரோ ஒருவர் துண்டை நகர்த்தப் போக, "எம் மவளும் மருமவனும் தூரமா போறாவ வே, ரெண்டு பேரும் சேந்து உக்காரணும்" என்று கீழே நின்றே சண்டை போட்டார். இடம் கிடைத்தது. தேன்மொழிக்கு ஜன்னல் ஓரம்.

பஸ் கிளம்பிய பிறகுதான் துண்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது தெரிந்தது. தேன்மொழி அதை மடியில் வைத்துக்கொண்டு திருமங்கலம் வரை அழுதாள்.

வந்து சேர்ந்ததும் போன் செய்தேன். துண்டு எங்களிடமே இருக்கிறது என்றேன்.

"இருக்கட்டும் மாப்ள. நான் வந்தா தலை தொவட்ட ஆகும்லா."

"எப்ப வாரிய மாமா?"



"நீங்க கூப்பிடுதப்ப" என்றார்.