எட்டாம் தேதி காலை ஓட்டப்பாதையின் அம்புப் பலகையைத் திருப்பியது யார் என்பது குறித்து

அனுப்புநர்:
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி.
(பெயரைக் கடைசியில் எழுதுகிறேன், அதுவரை தைரியம் தாங்கினால்.)

பெறுநர்:
உயர்திரு கட்டடப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்,
நகர மண்டபம், போர்ட் கெல்லர், விஸ்கான்சின்.

பொருள்: நகரத் தடகள மன்றக் கட்டடம் ஆடவில்லை, உறுப்பினர்களே ஆடினார்கள் என்பதைத் தெரிவித்து, வெள்ளிக்கிழமை மூடும் ஆணையில் கையெழுத்திட வேண்டாம் எனக் கோருவது.

மதிப்புக்குரிய ஐயா,

1. மன்றத்தின் வாசலில் தாங்கள் இன்று ஒட்டச் செய்த அறிக்கையை மூன்று முறை படித்தேன். நான்காம் மாடியில் தொங்கும் ஓட்டப்பாதை செவ்வாய்க்கிழமை காலை 7.20-க்குக் கடுமையாக அதிர்ந்தது என்றும், மேலிருந்து சுண்ணாம்புத் துண்டு ஒன்று விழுந்தது என்றும், காரணம் பராமரிப்புக் குறைவு என்றும் அதில் உள்ளது. பாதை அதிர்ந்ததையும் ஏதோ விழுந்ததையும் நான் கண்ணால் பார்த்தேன். காரணம் உண்மையல்ல.

2. பராமரிப்பவர் என் அப்பா. இதை எழுதியபின் எனக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. பாதையைத் தாங்கும் இருபத்து நான்கு இரும்புக் கம்பிகளையும் மாதம் ஒருமுறை சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்பது அவர் வழக்கம். அறிக்கையைப் படித்ததிலிருந்து அவர் சாப்பிடவில்லை. அம்மாவிடம், "பத்தொன்பது வருஷமா தட்டிக் கேக்கறேன். ஒரு கம்பிகூட எங்கிட்ட பொய் சொன்னதில்ல," என்று மட்டும் சொன்னார். கட்டடத்தை மூடினால் கொதிகலன் அறைக்கு அடுத்துள்ள எங்கள் வீடும் போகும். ஆனால் அப்பா வீட்டைப் பற்றிப் பேசவில்லை, கம்பிகளைப் பற்றியே பேசுகிறார்.

3. தங்கள் அறிக்கையில் மன்றத்தின் வரலாறு இல்லாததால் சுருக்கமாகத் தருகிறேன். 1889-இல் ஆறு குமாஸ்தாக்கள் ஒரு குதிரை லாயத்தின் மாடியில் இதைத் தொடங்கினார்கள். அவர்கள் குதித்த குதியில் கீழே குதிரைகள் புல்லைத் தொடவில்லை என்று சுவரில் உள்ள படத்தின் அடியில் எழுதியிருக்கிறது. லாயம் எரிந்தபின் 1912-இல் இந்த ஒன்பது மாடிக் கட்டடம் எழுந்தது. பாதையில் இருபத்தாறு சுற்று ஒரு மைல். எல்லோரும் எப்போதும் இடப்பக்கமே திரும்பி ஓடியதால் சில ஆண்டுகளில் உறுப்பினர் அனைவருக்கும் ஒரே பக்க இடுப்பு வலித்தது. ஆகவே 1921-இல் அம்புப் பலகை வந்தது. திங்கள், புதன், வெள்ளி வலப்பக்கம். செவ்வாய், வியாழன், சனி இடப்பக்கம். தினமும் காலையில் பலகையைத் திருப்பி வைப்பது அப்பாவின் வேலை.

4. பெண்களுக்கு அந்த மாடியில் அனுமதி இல்லை. ஊழியரின் வீட்டார் ஏறினால் ஊழியருக்கு வேலை போகும். நான் ஏழு மாதமாக, செவ்வாயும் வியாழனும், உறுப்பினர்கள் வருமுன் அங்கே ஓடுகிறேன். அப்பாவுக்குத் தெரியாது.

5. எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை. வலப்பக்கமாக ஓடினால் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை வந்தது. ஆனால் பலகைக்கு எதிராக ஓடுவது விதிமீறல் அல்லவா? ஆகவே அப்பா இடப்பக்கம் வைத்துவிட்டுப் போயிருந்த பலகையை வலப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு முறைப்படி ஓடினேன். லிஃப்ட் சத்தம் கேட்டது. துவாலை அலமாரிக்குள் ஒளிந்து கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். பலகையை மறந்துவிட்டேன்.

6. முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். பலகையைப் படித்தவர்கள் வலப்பக்கம் ஓடினார்கள். முப்பது ஆண்டுகளாகப் படிக்காதவர்கள் இடப்பக்கம் ஓடினார்கள். வடகிழக்கு வளைவில் சந்தித்தார்கள். தலைவர் திரு. ஷ்லீபேக், வயது எழுபத்தொன்று, கீழே கிடந்தபடியே, "யோவ், இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைய்யா," என்றார். அவர்மேல் கிடந்தவர், "போர்டப் பாருய்யா," என்றார். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் இங்க ஓடறேன். போர்டு எனக்குச் சொல்லித் தருதா?" என்றார் தலைவர். அதற்குள் பின்னால் வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தாங்கள் ஆண்டுச் சோதனைக்காக நேர் கீழே அதிர்வு அளக்கும் கருவியுடன் அமர்ந்திருந்தீர்கள். இதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, ஐயா, மன்னிக்கவும். போர்வைக்குள் கைவிளக்குடன் எழுதுகிறேன். சிரித்தால் கட்டில் கிரீச்சிடும், அடுத்த அறையில் அப்பா விழித்திருக்கிறார்.

7. தாங்கள் உறையிலிட்டு முத்திரை வைத்துள்ள சுண்ணாம்புத் துண்டு, அன்று ஓடியவர்களில் ஒருவரான திரு. ஹோல்ட்சாப்ஃபெல் அவர்களின் மேல்வரிசைப் பொய்ப்பல். பச்சைத் தண்ணீரில் நீந்துவதால் தம் பற்கள் யாவும் சொந்தப் பற்கள் என்று அவர் ஊரெங்கும் சொல்லியிருப்பதால் கேட்டு வர மாட்டார். துண்டை விளக்கடியில் திருப்பிப் பார்த்தால், ஈறுபோல் சற்று இளஞ்சிவப்பு தெரியும்.

8. ஆகவே பணிந்து கேட்டுக்கொள்வது: வெள்ளிக்கிழமை கையெழுத்திடும் முன் தாங்கள் நேரில் வரவேண்டும். அன்று வலப்பக்கம். முப்பத்தெட்டுப் பேரையும் ஒரே பக்கமாக ஓடவிட்டு, கீழே விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய தம்ளரை வையுங்கள். ஒரு சொட்டு சிந்தினால் மூடிவிடுங்கள். அப்பாவைச் சுத்தியலுடன் கூப்பிட்டு, இருபத்து நான்கு கம்பிகளையும் அவர் பக்கத்தில் நின்று கேளுங்கள். பராமரிப்புக் குறைவு என்ற வரியை அவர் கண்முன்னே அடித்துவிடுங்கள். தண்டனை எதுவாயினும் எனக்கே தாருங்கள்.

9. இன்னொன்று. ஆண்டு விருந்தன்று பக்கவாசல் வழியாக வரும் மனைவிமார் மேலே போகலாமா என்று கேட்டால், தலைவர், "அது பொம்பளைங்க ஓடறதுக்குக் கட்டினது இல்லம்மா, தாங்காது," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மன்றத்தின் விதியை மாற்றத் தங்களுக்கு அதிகாரமில்லை என்று அறிவேன். ஆனால் எது எதைத் தாங்கும் என்று எழுதும் அதிகாரம் இந்த நகரத்தில் தங்களுக்குத்தான் உண்டு. புதிய அறிக்கையில் ஒரு வரி சேர்க்கவும்: பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி ஏழு மாதம் ஓடினாள், பாதை தாங்கியது.

பள்ளிக்குப் போகும் வழியில் இதைத் தங்கள் அலுவலகப் பெட்டியில் போடுவேன்.

இடம்: போர்ட் கெல்லர்
நாள்: 9 அக்டோபர் 1957

இப்படிக்கு,
ரெஜினா டூடெக்
(ஃப்ளோரியன் டூடெக்கின் மகள். ஒரு மைல், இடப்பக்கமாக: ஆறு நிமிடம் பதினொரு வினாடி. வலப்பக்கமாக இன்னும் முடிக்கவில்லை.)