அஞ்சம்மாள் மாடி வழியாக

3 ஆகஸ்ட் 2017, திண்டிவனம்

எதற்குப் பயந்துகொண்டிருந்தேனோ அது வந்துவிட்டது. டாக்டர்கள் ஆங்கிலத்தில் பேசிய ஒலிப்பதிவைக் கேட்டு வீட்டிலிருந்தே டைப் அடித்து அனுப்புகிற என் வேலை இந்த மாதத்தோடு சரி. செப்டம்பரிலிருந்து எல்லாம் புது முறையாம், வேகமான நெட் இருந்தால்தான் திறக்குமாம். அந்த வசதி இல்லாதவர்கள் சென்னை அலுவலகத்துக்கு வரலாம் என்று கீழே ஒரு வரி. பெரிய மனது.

நான் சென்னைக்குப் போனால் இவரை யார் புரட்டிப் படுக்க வைப்பது? கிளியனூர் பக்கம் லாரி கவிழ்ந்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பகலெல்லாம் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். மகள் சங்கவி இரண்டாம் வகுப்புதான் படிக்கிறாள். வேலையை விட்டால் அடுப்பு எரியாது. வேலைக்குப் போனால் இவர் —

எழுதக்கூட முடியவில்லை.

5 ஆகஸ்ட்

புதுக் கம்பெனி ஒன்றின் ஆள் வந்தான். பெயர் பார்த்திபன். இந்த வெயிலில் டை.

"எங்க லைன் போட்டா படமெல்லாம் சும்மா பறக்கும் மேடம்."

"எனக்குப் படம் வேணாம் தம்பி. எப்ப வரும்?"

"மெயின் ரோடு வரைக்கும் வந்துட்டோம் மேடம். உங்க தெருவுக்கும் ஜல்தியா வந்துடும்."

இந்தத் தெருவுக்கு ஜல்தியாக வந்தது கொசு ஒன்றுதான்.

7 ஆகஸ்ட்

கேபிள் டிவி தாண்டவராயனும் இப்போது நெட் கொடுக்கிறான். இவனையும் கேட்டேன்.

"நாளைக்கே குடுக்கலாம் யக்கா. ஆனா கம்பம் பின் தெருவுல இருக்குது. அங்கேர்ந்து அஞ்சம்மாக்கா மாடி மேலதான் ஒயரு வரணும். முன்பக்கம் டிரான்ஸ்பார்மரு, கிட்ட போவ முடியாது. நீங்க ஒரு வார்த்த கேட்டுடுங்க."

ஒரு வார்த்தை! அஞ்சம்மாள் இவருடைய கூடப் பிறந்த அக்கா, எனக்கு அண்ணி. எங்கள் பின் வீடு. தை மாதத்திலிருந்து பேச்சு இல்லை.

தப்பு யார் மேல்? இவர் பிழைத்தால் பனமலை கோயிலில் சங்கவிக்குக் காது குத்துவதாக வேண்டியிருந்தேன். அந்த வாரம் வேலை குவிந்து கிடந்தது. பத்திரிகையைப் படமெடுத்து எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அண்ணிக்கும் அவர் மகன் போனுக்கு அனுப்பிவிட்டேன். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, வாசலில் நின்று, "குடும்பத்தோட வரணும் அண்ணி" என்று கூப்பிட வேண்டிய இடம் அது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அத்தைக்குச் செல்போனில் அழைப்பு!

அவர் வரவில்லை. கேட்டதற்கு மகனிடம் சொல்லி அனுப்பினார்: "செல்லுல கூப்டா செல்லுலயே வந்துட்டேன்னு சொல்லு."

9 ஆகஸ்ட்

நான் கேட்கவில்லை என்று தாண்டவராயனே போய்க் கேட்டிருக்கிறான். "என் மாடி மேல அவளுக்கு ஒயரு போவக்கூடாது" என்றாராம். போகட்டும். நானும் ரோஷக்காரிதான். பார்த்திபனைக் கூப்பிட்டு, உங்கள் லைனே போதும் என்று ஆதார் நகலைக் கொடுத்துவிட்டேன்.

16 ஆகஸ்ட்

பார்த்திபன் போனில்: "டீம் வந்துக்கினே இருக்குது மேடம்."

19 ஆகஸ்ட்

போனை எடுக்கவில்லை.

20 ஆகஸ்ட்

எடுக்கவில்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன், எடுத்தான். என் குரலைக் கேட்டதும் "சிக்னல் இல்ல மேடம்" என்று வைத்துவிட்டான்.

24 ஆகஸ்ட்

கம்பெனியிலிருந்து சோதனைக்காக ஒரு ஒலிப்பதிவு வந்தது. வீட்டில் இருக்கிற பழைய டெலிபோன் லைனில் திறக்கவே இல்லை. செல்போன் நெட்டும் எங்களுக்கு மாடியில்தான் வரும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஏறி, தலைக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தேன். பாதி இறங்கியதும் நின்றது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி.

கீழே வந்தால் இவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கிறார். படுக்கையெல்லாம் ஈரம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. துடைக்கும்போது மெல்லக் கேட்டார்: "அக்காகிட்ட கேட்டா இன்னா வேணி?"

"உங்க அக்காவுக்கு மாடி பெருசு, நீ பெருசு இல்ல" என்று கத்திவிட்டேன். அவரை "நீ" என்று சொன்னதே இல்லை.

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவரால் திருப்ப முடிந்தது அது ஒன்றுதான்.

ஐயோ, என்ன பண்ணுவேன் நான். யாரிடம் போய் நிற்பேன்.

27 ஆகஸ்ட், ஞாயிறு

போனேன்.

காதுகுத்துக்குச் சாமி முன்னால் வைத்த பத்திரிகை ஒன்று மிச்சம் இருந்தது, மூலையில் மஞ்சள் தடவியது. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், நடுவில் அது. இதைவிடக் கேலிக்கூத்து உண்டா? ஆனால் வெறுங்கையோடு போக எனக்கு முகம் இல்லை.

அண்ணி வாசலில் மல்லாட்டை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா இது?"

"பத்திரிகை அண்ணி. சங்கவிக்குக் காது குத்தறோம். குடும்பத்தோட வரணும்."

"குத்தன காது ஆறியே போச்சு."

"ஆமா அண்ணி."

"ஒயருக்கா வந்த, எனக்கா வந்த?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வரவில்லை. "ஒயருக்குத்தான் அண்ணி. நான் மெட்ராஸ் போயிட்டா அவரப் பாக்க ஆள் இல்ல." அதற்கு மேல் அழுகை. தெருவில் நின்று அழுதேன், எதிர் வீட்டு முனியம்மாள் பார்க்கப் பார்க்க.

அண்ணி தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். நின்று பார்த்தேன். தட்டு திரும்பி வரவில்லை. சரி என்று அர்த்தமா, போ என்று அர்த்தமா?

28 ஆகஸ்ட்

ஒன்றும் இல்லை. சென்னையில் தங்க ஹாஸ்டல் விசாரித்தேன்.

29 ஆகஸ்ட்

காலையில் அண்ணி வந்தார். கையில் என் தாம்பாளம். வாங்கிய தட்டை வெறுமையாய்த் திருப்பித் தரக்கூடாது இல்லையா — அதில் ஒரு பட்டுக் கவுன், சின்னப் பெட்டியில் தங்கக் கம்மல்.

"தை மாசமே வாங்கனது" என்றார். "கூப்புடுவன்னு பாத்துக்கினு இருந்தேன்."

கவுன் சங்கவிக்கு இப்போது இறுக்கிப் பிடிக்கிறது, தோளில் தைத்ததைப் பிரிக்க வேண்டும்.

அண்ணி நேரே போய் இவர் பக்கத்தில் உட்கார்ந்து இவர் காலைப் பிடித்துவிட்டார். உணர்ச்சியில்லாத கால் என்று தெரியும், இருந்தும் பிடித்தார். இவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணி வீட்டு மாடியில் தாண்டவராயன் சத்தமாக யாருக்கோ "இழு, இழு" என்றான்.

1 செப்டம்பர்

ஒலிப்பதிவு திறந்தது.

20 ஜனவரி 2018

பார்த்திபன் கூப்பிட்டான். "உங்க தெருவுக்கு வந்துட்டோம் மேடம். இப்ப இருக்கறத விட டபுள் ஸ்பீடு."

நான் ஹெட்போனோடு மேசையில் இருந்தேன். அண்ணி இவரை மெல்ல இடப்பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்.

"வேணாம் தம்பி."

"ஏன் மேடம், அந்த லைன் நல்லா வருதா?"

"நின்னு நின்னுதான் வருது" என்று வைத்துவிட்டேன்.

பொய் இல்லை. நேற்றும் நின்றது. கொஞ்ச நேரத்தில் அண்ணி மூச்சு வாங்க ஓடி வந்தார். "ஒயரு மேல காக்கா உக்காந்துக்கினு இருந்திச்சி, கெளப்பி வுட்டேன். வந்துச்சா பாரு."

காக்காவுக்கும் நெட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.