குண்டுச் சரக்கு இல்லாத உலை

என் விசாலம் அக்காவுக்கு,

மட்டாஞ்சேரியில் மழை விட்டிருக்கிறது. சரக்கு அடுக்கும் நம் கிட்டங்கியின் முற்றத்தில் மறுபடி மிளகைக் காயப்போடுகிறோம். நீ இருந்தால் தும்மிக்கொண்டே என்னைத் திட்டியிருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை நம்மவர் சங்கத்தில் உனக்கு இரங்கல் கூட்டம். வாசலில் துணி கட்டிவிட்டார்கள்: ‘அணுகுண்டு தந்த நம் மண்ணின் மகள்.’ குண்டா? நீயா?

சங்கத்துச் செயலாளர் மாமாவிடம் போய்க் கேட்டேன். “அக்கா குண்டு பண்ணலை மாமா. குண்டுக்கு உதவாத எரிபொருளை வெச்சு அணு உலையை ஓட்ட முடியுமான்னு பாத்துண்டிருந்தா.”

“அது யாருக்குடா புரியும்? குண்டுன்னாத்தான் மலையாளத்துச் சேட்டன்மாரும் வந்து கைதட்டுவா. போய் சாயா குடி, போ.”

இதே மாமாதான் நீ போன அன்று நம் வாசற்படியில் நின்று, “தொடாதேங்கோ, உடம்புல அணுக்கதிர் ஏறியிருக்கும்” என்றார். மஞ்சள்காமாலை என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியும் உன்னைத் தூக்க நம்மவரில் நாலு பேர் சேரவில்லை. கிட்டங்கியில் மூட்டை சுமக்கிறவர்கள் வந்துதான் என்னோடு தோள் கொடுத்தார்கள்.

வெளிநாட்டில் அத்தனை வருஷம் உலைக்குப் பக்கத்தில் நின்றாய், ஒன்றும் ஆகவில்லை. விடுப்பில் வந்து, சாக்கடைக்குள் கிடக்கும் நம் தெருக் குழாயின் தண்ணீரைக் குடித்துச் செத்தாய். இதை எந்தத் துணியில் எழுதுவார்கள்?

படுக்கையில் விழுவதற்கு முன் நீ சொன்னது நினைவிருக்கிறது. “மருந்துக்கும் படிப்புக்கும் ஓடற உலைடா. அதுக்குள்ள எதுக்குக் குண்டுச் சரக்கு? எவனாவது திருடினா?”

குண்டுக்கு ஆகாதபடி யுரேனியத்தின் செறிவைக் குறைத்தால் உலை மந்தமாகிவிடாதா என்றேன். அதே எரிபொருள் தகட்டுக்குள் யுரேனியத்தை இன்னும் நெருக்கி அடைக்க வேண்டும், தகடும் உப்பக் கூடாது, அதுதான் உன் வேலை என்றாய். “அப்போ லிட்டர் எடையைக் கூட்டறே” என்றேன். ஒரு லிட்டர் அளவையில் கொள்ளும் மிளகு எவ்வளவு கனம் என்று பார்த்துத்தானே நாங்கள் தரம் பிரிக்கிறோம்! நீ சிரித்ததில் சாயா சிந்தியது.

நான் விடவில்லை. “பெரிய நாட்டுக்காரன் குண்டை அடுக்கி வெச்சுண்டு நமக்கு உபதேசம் பண்றானே?”

“அயோக்கியத்தனம்தான். அதுக்காக நானும் வெச்சுக்கணுமாடா?”



மேடையில் எனக்கு இடம் கிடையாதாம். வேண்டாம், கீழே நின்றே பேசுகிறேன். உன்னைத் தொட்டுத் தூக்கியவர்களை முன்வரிசையில் உட்காரவைப்பேன். ஆராய்ச்சி உலைகளிலிருந்து குண்டுச் சரக்கை வெளியேற்றப் பார்த்தவள் என் அக்கா என்று உரக்கச் சொல்வேன். பிறகு நம் தெருக் குழாயில் பிடித்த தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி மாமாவின் முன் வைப்பேன். அவர் அதைக் குடித்துவிட்டுக் கதிரைப் பற்றிப் பேசட்டும்.

இது சத்தியம், அக்கா.

உனக்குத் தோள் கொடுத்த தம்பி,
ராமு