மூடாத வால்வு

தாராவி, 90 அடி ரோடு
9 நவம்பர் 2025

அன்புத் தம்பி வேல்ராஜுக்கு,

சூசைமாணிக்கம் அண்ணாச்சி எழுதுவது. ரோசம்மாவும் பிள்ளைகளும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். நாங்குநேரியில் நீயும் மாரிக்கனியும் மகளும் சுகமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. அதுவும் சரிதான். கடிதம் என்றால் கிழிப்பதற்கு முன் ஒரு வரியாவது கண்ணில் படும்.

உன் அறைக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது. நீ விட்டுப்போன தண்ணி டிரம்மை ரோசம்மா எடுத்து வைத்திருக்கிறாள். யார் கேட்டும் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி விஷயத்துக்கு வருகிறேன். கார்பன் கணக்கு எடுக்க வந்த மாட்டுங்காத் தமிழ்ப் பெண் வந்தனாவை உனக்கு ஞாபகம் இருக்கும். கரண்டு, ஆம்புலன்ஸ் டீசல், ஏசி என்று நம் ஆஸ்பத்திரி எதில் எவ்வளவு வானத்தைக் கெடுக்கிறது என்று எழுதிக்கொண்டே வந்தவள், சிலிண்டர் அடுக்கியிருக்கும் நம் கேஸ் ரூமில் வந்து நின்றுவிட்டாள். மயக்க வாயு ஒரு கிலோ வெளியே போனால், கரியமில வாயு இருநூற்றெழுபது கிலோ போனதற்குச் சமம் என்றாள். வருஷத்துக்கு நாற்பது நீல சிலிண்டர் வாங்குகிறீர்கள், டாக்டர்கள் எழுதி வைத்ததைக் கூட்டினால் நாலு கூட வரவில்லையே, மீதி எங்கே என்று கேட்டாள்.

அவள் கேட்டது கணக்கு. ஆபீஸ்காரர்கள் தேடியது திருடனை. வெளியே போதைக்கு விற்கிறார்கள் என்று எவனோ கிளப்பிவிட, கான்ட்ராக்ட் ஆளான நீ மாட்டினாய். உன் ஷிப்டில்தான் சிலிண்டர் அதிகம் மாற்றியது என்று எழுதி என்னிடம் நீட்டினார்கள். பொய் ஒன்றும் இல்லையே என்று கையெழுத்துப் போட்டேன். பிறகு போலீஸ் உன்னை இரண்டு நாள் உட்கார வைத்ததும், உல்லாஸ்நகர் மாப்பிள்ளை வீட்டார் உன் மகளின் நிச்சயத்தை முறித்ததும் நான் சொல்லியா உனக்குத் தெரிய வேண்டும்.

வந்தனா மட்டும் விடவில்லை. கேட்டில் வாட்ச்மேன் கரீம் பாட்சா உட்கார்ந்திருக்க, அவ்வளவு பெரிய சிலிண்டரை ஒரு ஆள் எப்படி வெளியே கொண்டுபோவார் என்று கேட்டாள். தீபாவளிக்கு ஆபரேஷன் தியேட்டர்களைப் பூட்டிய இரண்டு நாளும் சிலிண்டரை எடை போட்டாள். ஒரு ஆபரேஷன் கிடையாது. ஆறு கிலோ குறைந்திருந்தது. பைப்பைத் தொடர்ந்து போனோம். இரண்டாம் மாடி ரிக்கார்டு ரூம், முன்னே பிரசவத் தியேட்டராக இருந்ததே, அதன் சீலிங்கைப் பிரித்துப் பைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை பொங்கிக்கொண்டு வந்தது. அங்கே உட்காரும் கிளாரா தலை சுற்றுகிறது என்பாளே, வேலை செய்ய வலிக்கிறதோ என்று நாம் இருவரும் கிண்டல் அடிப்போமே. பாவம் அந்தப் பிள்ளை.

பைப் பழசு என்று ரிப்போர்ட் எழுதி, அந்த லைனையே அடைத்துவிட்டார்கள். மயக்க வாயுக் கணக்கு பத்தில் ஒன்றாகிவிட்டது. போன வாரம் விழா வைத்து, கேஸ் ரூம் சீனியர் என்று எனக்குச் சால்வை போட்டார்கள். நான் உன் பேரை எடுத்தேன். வோ ஃபைல் பந்த் ஹோ கயா, சூசை, அந்த ஃபைலை மூடியாச்சு என்று சொல்லிவிட்டு ஆபீசர் கேக் வெட்டப் போய்விட்டார். சால்வையை ரோசம்மாவிடம் காட்டவில்லை.

இனி எழுதுவதை உட்கார்ந்து படி. அந்தத் தியேட்டரை மூடிய அன்று லைன் வால்வை மூட வேண்டியது என் வேலை. அன்றைக்குச் சான்பாடாவில் மச்சினன் பிள்ளைக்கு ஞானஸ்நானம். போகிற அவசரத்தில், மூடியாச்சு என்று பேப்பரில் டிக் அடித்துவிட்டு ஓடினேன். மறுநாள் மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறந்தே போனேன். மீதி எங்கே என்று வந்தனா கேட்டாளே, அந்த நிமிஷமே அந்த வால்வு ஞாபகம் வந்தது. அப்போதே எனக்குத் தெரியும், வேல்ராஜ். தெரிந்துதான் உனக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி உன்னோடு ஊருக்கு வந்துவிட்டது. பாவம் இங்கே கேஸ் ரூமில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறது.

ரிட்டயராக இன்னும் ஏழு மாதம். மூன்று தடவை ஆபீஸ் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். நான் கோழை. அதனால் நடந்ததை எல்லாம் தனித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். வந்தனா விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய கவரும் உள்ளே இருக்கிறது. ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, தாளை அந்தக் கவரில் வைத்துத் தபால் பெட்டியில் போடு. அவள் எழுத்துக்கூட்டித்தான் தமிழ் படிப்பாள். மெதுவாகப் படிக்கட்டும். அதற்கப்புறம் வேலை போனாலும் பென்ஷன் போனாலும் உன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. மகளுக்கு மறுபடி சம்பந்தம் பேசும்போது நகல் உதவும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அண்ணாச்சி வீட்டில் உண்ட சோற்றை நினைத்து அந்தத் தாளைக் கிழித்துவிடாதே. ஏழு வருஷம் பக்கத்தில் நின்றவன் நான், நீ அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான். மாரிக்கனி கையில் கொடு. அவள் கிழிக்கமாட்டாள்.

ஆண்டவர் உன் வீட்டாரைக் காப்பாராக. எனக்காக எதுவும் வேண்டிக்கொள்ளாதே.

உன் அண்ணாச்சி என்று எழுதக் கை கூசும்,
சூசைமாணிக்கம்