அரையிறுதிக்கு நான் அனுப்பின சட்டைகள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் இங்கே சுகமா இருக்கோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருப்பேன்னு நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கேன். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பாவுக்குப் பார்வை தெளிவாயிடுச்சு, தெளிவானதுல வீட்டுல இருக்கிற தூசியெல்லாம் இப்போதான் அவர் கண்ணுல படுது, காலையிலேர்ந்து அதே பேச்சுதான். உன் அக்கா பிள்ளைகளோட வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போனா. தையல் கடையில வேலைக்குக் குறைவில்லை.

நம்ம ஊர் ஃபுட்பால் டீம் கப் அரையிறுதியில தோத்தது உனக்குத் தெரிஞ்சிருக்கும். எப்படித் தோத்துச்சுன்னு தெரிஞ்சிருக்காது, அது எனக்கும் அப்பாவுக்கும் கோச்சுக்கும் மட்டும்தான் தெரியும். நாலு மாசம் முன்னாடி நீ போன்ல என்ன சொன்னே, அம்மா நம்ம டீம் கப் ஃபைனலுக்கு மட்டும் வரட்டும், லீவு போட்டுட்டு ஓடி வந்துடறேன்னு சொன்னே. மூணு வருஷமா முகத்தைக் காட்டாத பிள்ளை வாயால அதைக் கேட்டதுலேர்ந்து எனக்கு அந்தக் கப்தான் உலகம். ஒவ்வொரு சுற்று ஜெயிக்கும்போதும் நீ ஒரு படி கிட்ட வந்த மாதிரி இருந்துச்சு.

ஆட்டத்துக்கு முன்னாடி கிளப்புலேர்ந்து சட்டை மூட்டை நம்ம கடைக்குத்தானே வரும், பிஞ்ச தையலைப் பிடிச்சு, ஆடுற நம்பரை அழுத்தித் தைச்சுக் கொடுக்கிறது என் வேலை. அதனால யார் இறங்கப்போறாங்கன்னு ஊருக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிடும். திங்கக்கிழமை மூட்டையைப் பிரிச்சா இருபத்தாறு, இருபத்தொன்பது, முப்பத்திமூணுன்னு வருது, அத்தனையும் ரிசர்வ் ஆளுங்க நம்பர். மூட்டை கொண்டு வந்தவரைக் கேட்டா, சனிக்கிழமை லீக் ஆட்டம் இருக்காம், அதுதான் முக்கியமாம், கப்புக்கு இவங்க போதும்னு கோச் சொல்லிட்டாராம். ஏழாவது இடத்துல இருக்கிற டீம் சனிக்கிழமை ஜெயிச்சா ஆறாவது இடத்துக்கு வரும். அந்த ஆறாவது இடத்தை வச்சுக்கிட்டு நாக்கா வழிக்கிறது. ரெண்டே ரெண்டு ஆட்டம் ஜெயிச்சா கையில கோப்பை, அதை விட்டுட்டு இவங்க சனிக்கிழமைக்காகக் காலைப் பத்திரப்படுத்துறாங்க.

அப்போதான் என் புத்தி கோணலாப் போச்சு. முதல் டீம் சட்டைகளும் போன ஆட்டம் முடிஞ்சு பழுதுபார்க்க என்கிட்டதான் இருந்துச்சு. ஆட்டத்தன்னைக்கு ரிசர்வ் சட்டையை பீரோவுல பூட்டிட்டு, முதல் டீம் சட்டையை மூட்டை கட்டிக் கொடுத்தனுப்பிட்டு, கடைச் சாவியை இடுப்புல செருகிக்கிட்டு கிரவுண்டுக்குப் போயிட்டேன். சட்டை யாருடையதோ அவன்தானே இறங்கணும், வேற வழியில்லாம கோச் வழிக்கு வந்துடுவார்னு கணக்குப் போட்டேன். பார்த்தா அதே ரிசர்வ் ஆளுங்க அந்தச் சட்டையை மாட்டிக்கிட்டு வர்றாங்க. நடுவர் தன் தாள்ல எல்லா நம்பரையும் அடிச்சுத் திருத்தவே இருபது நிமிஷம் ஆச்சு. ஒட்டகம்னு ஒருத்தன் இருக்கானே, ஆறரை அடி, அவனுக்கு நம்ம குள்ள ஸ்ட்ரைக்கரோட ஒன்பதாம் நம்பர் சட்டை, தொப்புள் தெரியுது. கூட்டத்துல பாதிப் பேருக்கு நம்பர்தானே தெரியும், டேய் ஒன்பது, சோறுதான் திங்கிறியான்னு எனக்கு முன்வரிசையில ஒருத்தர் தொண்டை கிழியத் திட்டறார். அவர் பக்கத்துல கடலை கொறிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தது யாரு, அந்த ஒன்பதாம் நம்பர் ஸ்ட்ரைக்கரேதான். அவனும் ஆமா சார், இன்னைக்கு மோசம்னு தலையாட்டறான்.

ஆனா சும்மா சொல்லக்கூடாது, அந்த ரிசர்வ் பசங்க உயிரைக் கொடுத்து ஆடினாங்க. கடைசி வரைக்கும் ஒண்ணுக்கு ஒண்ணு. முடிய ரெண்டு நிமிஷம் இருக்கும்போது மேலே வந்த பந்தைத் தலையால முட்ட ஒட்டகம் எம்பினான் பாரு, அக்குள்லேர்ந்து இடுப்பு வரைக்கும் சட்டை டர்னு கிழிஞ்சுபோச்சு. பாவம், கூச்ச சுபாவம், ரெண்டு கையாலயும் சட்டையைப் பொத்திக்கிட்டுக் குனிஞ்சான், பந்து அவன் தலைக்கு மேலே போய் எதிராளி காலுல விழுந்து கோல் ஆயிடுச்சு. அவனை எல்லாரும் ஏசினாங்க. ஏச வேண்டியது என்னை. உன்னை வரவைக்கணும்னு நான் பண்ணின வேலைதான் நீ வராம பண்ணிடுச்சு.

மறுநாள் மனசு கேக்காம கோச்கிட்டப் போய், நான்தான் வேணும்னே மாத்தி அனுப்பினேன்னு உண்மையைச் சொல்லிட்டேன். கிளப் வேலையே போனாலும் போகட்டும்னுதான் போனேன். அவர் சிரிச்சுக்கிட்டே, விடுங்கம்மா, கப்புதானேன்னார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்டச் சொல்லி அழுதேன். அவர் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, பெத்த பிள்ளையை வான்னு கூப்பிட உனக்கு வாய் இருக்கு, எதுக்குப் பதினொரு பேரை மைதானத்துல ஓட விடறேன்னு கேட்டார். அதனால கேக்கறேன். நீயும் அந்தக் கிளப் மாதிரிதான் இருக்கேப்பா. வருஷம் முழுக்க உனக்கு லீக் ஆட்டம், அடுத்த வாரம் முக்கியம், அடுத்த மாசம் முக்கியம். அப்பா ஆபரேஷனுக்கு உன் சிநேகிதனை அனுப்பினே, அவனும் பொறுப்பாப் பக்கத்துல இருந்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா கண் கட்டை அவிழ்த்ததும் அப்பா முதல்ல பார்த்தது அவன் முகத்தை. ஃபைனலும் வேண்டாம், கப்பும் வேண்டாம், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையாப் பார்த்து நீயே வா.

எந்தக் குறையும் வராம நீ நல்லா இருக்கணும், எங்க ஆசீர்வாதம் எப்பவும் உன்கூட இருக்கும். ராத்திரி பட்டினியாப் படுக்காதே. புதுசா உனக்கு ரெண்டு சட்டை தைக்கலாம்னு துணி எடுத்து வச்சேன், கத்தரியை எடுத்துட்டு அப்படியே நின்னுட்டேன், உன் தோள் அளவு இப்போ என்னன்னு எனக்குத் தெரியலை. எழுதி அனுப்பாதே, நான் நேர்ல எடுத்துக்கறேன்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும் அம்மா