முன்னால் நடக்காத அப்பாவுக்கு

என் அன்பு அப்பா,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைந்துகொண்டும் தெரியாதது கூடிக்கொண்டும் போகிறது. இருக்கும்போதே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேனே! "கால் வலிம்மா" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டது யார்?

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா நன்றாக இருக்கிறாள். சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள், நான் பார்க்கும்போது மட்டும். கம்பெனியில் என்னை லைனிலிருந்து தூக்கி, திரும்பி வரும் பீஸ்களைப் பார்க்கும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். நம் தெருவில் இன்னொரு லேடீஸ் ஹாஸ்டல் வந்திருக்கிறது. விடிவதற்குள் நாலு கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்களோடு ஒரு தடவை தெருவில் நடந்தவர்களுக்குக்கூடத் தெரியும், நீங்கள் யாருக்கும் முன்னால் நடக்க மாட்டீர்கள் என்று. பதினாறு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, இடது கெண்டைக்காலில் எடுக்க முடியாத இரும்புத் துண்டுகளோடு பென்னலூருக்குத் திரும்பி வந்தவர் நீங்கள். விந்தி விந்தி நடப்பீர்கள். அதனால்தான் பின்தங்குகிறீர்கள் என்று ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் ஒரே பாட்டு: "நீங்க போங்க, நான் பின்னாடி வர்றேன்."

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தீர்களே, நினைவிருக்கிறதா? வருகிறவர்களைத் தரையில் போட்ட மஞ்சள் கோட்டின் மேல் ஆபீஸ் வரை அழைத்துப் போக வேண்டும். நீங்களோ அவர்களை முன்னால் விட்டுவிட்டு, "லெஃப்டு சார், நேரா சார், படி இருக்கு சார்" என்று பின்னாலிருந்தே வழி சொல்லிக்கொண்டு போவீர்கள். ஒரு கொரியாக்காரர் ஒன்றும் புரியாமல் நேராக பெயின்ட் ஷாப்புக்குள் போய்விட்டார். உங்களை லாரி எடை போடும் இடத்துக்கு மாற்றினார்கள். 'ரிவர்ஸ் கியர்' என்று பெயரும் வைத்தார்கள். வீட்டுக்கு வந்து நீங்களே அதைச் சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது அப்பா.

உங்கள் அம்மா, என் ஆயா, செத்த அன்று மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை கொள்ளி வைப்பது நம் வழக்கம். கடைசிப் பிள்ளை நீங்கள். நெருப்புச் சட்டியை ஏந்திக்கொண்டு பாடைக்கு முன்னால் நீங்கள் நடக்க வேண்டும், ஊரே உங்கள் பின்னால் வர வேண்டும். சட்டியைக் கையில் கொடுத்ததும் அதை அண்ணனிடம் நீட்டினீர்கள். "அண்ணா, நீ எடுத்துக்க. நான் பின்னாடி வர்றேன்" என்றீர்கள். பெரியப்பா கெஞ்சினார், அதட்டினார். நீங்கள் அசையவில்லை. கடைசியில் அவரே சட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார்.

அதோடு சரி. பதினோரு வருடம் அவர் உங்களோடு பேசவில்லை. "பெத்தவளுக்கு சட்டி தூக்க அவனுக்கு கால் வலிக்குதாம். அப்புறம் இன்னாத்துக்கு மிலிட்டரின்னு சொல்லிகினு திரியறான்?" என்று ஊரெல்லாம் சொன்னார். நீங்கள் ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை. பொங்கலுக்குப் பொங்கல் அவர் வீட்டு வாசல் வரை போய், நின்றுவிட்டுத் திரும்புவீர்கள். உங்களுக்கு இருந்த ஒரே அண்ணன். அவர் ஒரு முறை "வாடா" என்று சொல்வதற்காக நீங்கள் எதையும் கொடுத்திருப்பீர்கள். உண்மையை மட்டும் ஏன் கொடுக்கவில்லை?

போன வருடம் ஒரு நாள், ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது, ஏரிக்கரை மேல் ஓர் ஆள் விறுவிறுவென்று போவதைப் பார்த்தேன். மழை பெய்து கரை முழுக்கச் சேறு. யார் இது என்று பார்த்தால் நீங்கள்! விந்தல் கொஞ்சம் இருந்தது, ஆனால் என்னால் பிடிக்க முடியாத வேகம். முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை. நான் இறங்கி ஓடி வந்து கூப்பிட்டேன். உடனே நின்று, ஓரமாக ஒதுங்கி, "நீ போம்மா" என்றீர்கள். அப்படியானால் காரணம் கால் இல்லை.

எங்கள் வேலையில் ஒரு பீஸ் கெட்டுப்போனால், ஒரு தாளில் ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்டு எழுத வேண்டும். அதில் ஒரு கண்டிப்பு உண்டு. 'ஆள் செய்த தப்பு' என்று எழுதினால் தாள் திரும்பி வந்துவிடும். அந்த ஆள் ஏன் அப்படிச் செய்தார் என்று இன்னும் கீழே போய்த் தேட வேண்டும். அன்று சாயங்காலம் உங்களுக்கு ஒரு தாள் எழுதினேன். முன்னால் நடப்பதில்லை, ஏன்? கால் வலி என்று எழுதி, அடித்தேன். பின்னால் யாராவது வந்தால்தான் நடப்பதில்லை என்று எழுதினேன். அது ஏன்? அங்கே பேனா நின்றுவிட்டது.

அம்மாவைக் கேட்டேன். "எனுக்கு இன்னா தெரியும்? கல்யாணத்துல அக்னிய சுத்தறப்போவே என்ன முன்னாடி தள்ளிவுட்டாரு. ஐயரு கத்தறாரு, எங்கம்மா தலையில அடிச்சிகினு நிக்குது. வெக்கத்துல பண்றாருன்னு நெனச்சிகினேன்" என்றாள். பிறகு உங்களையே கேட்டேன். நீங்கள் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. கொல்லையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தீர்கள். வருடத்துக்கு நாலைந்து தடவை அப்படி ஆகிவிடுவீர்கள். அம்மா தட்டை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்துவிடுவாள். டாக்டர் ஒவ்வொரு முறையும் உங்கள் காலைத்தான் பார்த்தார். நாங்களும் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் கேட்க நேரம் கிடைக்கவில்லை. மாரடைப்பு முந்திக்கொண்டது. உங்களுக்கு நான்தான் சட்டி தூக்கினேன். பொம்பளைப் பிள்ளை தூக்குவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரியப்பா தெருமுனையில் நின்று பார்த்தார். சுடுகாட்டுக்கு வரவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் உங்கள் போன் அடித்தது. உங்களோடு பட்டாளத்தில் இருந்த சிவகங்கைப் பக்கத்துச் செல்வராசு. ஒரகடத்தில் வேலை பார்க்கும் தம்பி மகனின் ரூமுக்கு வந்திருக்கிறார், உங்களைப் பார்க்க வரலாமா என்று கேட்டார். சொன்னேன். நீங்கள் இல்லை என்று. மறுநாள் வீட்டுக்கு வந்து உங்கள் படத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காபி குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, நான் என் கேள்வியைக் கேட்டேன்.

"அது தெரியாதாத்தா ஒனக்கு?" என்றார். "எல்லையில, மலைப்பாதை. ஆறு பேரு வரிசையா போறோம். ஒங்கப்பாதான் முன்னால போறாக. கண்ணிவெடி இருக்கும்னு முன்னால போறவுக காலடியிலயேதான் பின்னால வர்றவன் கால வைக்கணும். ரெண்டாவது ஆளு மாரிமுத்து. சின்னப் பய. அவுக மிதிச்ச எடத்துலதான் அவனும் மிதிச்சான். நான் மூணாவது ஆளு, கண்ணால பாத்தேன். அவுகளுக்கு வெடிக்கல. அவனுக்கு வெடிச்சிருச்சு. 'என்னைய நம்பித்தானய்யா கால வச்சான்'னு சொல்லிச் சொல்லி அழுதாக."

அவர் போன பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா அப்பா? என் புத்தி எங்கே போகும்? ஒரே இடத்தை இரண்டு பேர் மிதித்தால் முதல் ஆளுக்கு ஏன் வெடிக்கவில்லை என்று யோசித்தேன். எடையா? கால் விழுந்த கோணமா? இறுகியிருந்த மண்ணை முதல் அடி இளக்கி விட்டிருக்குமோ என்று தோன்றியதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீங்களும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பீர்கள். நான் ஒரு சாயங்காலம் யோசித்ததை நீங்கள் இருபத்தைந்து வருடம் யோசித்திருக்கிறீர்கள். அது உங்கள் தப்பு இல்லை என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

மறுநாளே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். மாடியில், கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் ரூம்களுக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கோபம்தான் வந்தது அவருக்கு.

"இத்த அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா அவனுக்கு? நான் இன்னா வேத்து ஆளா?"

பிறகு ஈர பிரஷைக் கையில் பிடித்தபடியே தொட்டிக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். "யம்மா, ரெண்டாவது ஆளுதான செத்தான்னு சொன்ன?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"எங்கம்மா சாவுல நான் சட்டி எடுத்துகினு போறேன். பாடைக்கும் எனுக்கும் நடுவுல அவன் பூந்துட்டான். வேற யாரையும் வரவுடல. நான் கால எடுத்த எடத்துல கால வச்சிகினே வரான். என் குதிகால ரெண்டு வாட்டி மிதிச்சிட்டான். சட்டி வுழுந்திருக்கும். திரும்பி அவன அசிங்கமா திட்டினேன். அப்பவும் தள்ளிப் போவல."

அது இரண்டாவது ஆளின் இடம் அப்பா. பெரியப்பா பிரஷைப் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, "வா" என்றார். ஏரிக்கரை வழியாகச் சுடுகாட்டுக்குப் போனோம். உங்களை எரித்த இடத்தை நான் காட்டினேன். அங்கே நின்று, பதினோரு வருடம் கழித்து, உங்கள் அண்ணன் உங்களோடு பேசினார்.

"டேய், மிதிச்சதுக்கு ஒண்ணும் இல்லடா. எனுக்கு வலிக்கலடா."

சொல்லிவிட்டுத் தோள் துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

உங்களிடம் கேட்க இன்னும் நிறைய இருக்கிறது. அதை விடுங்கள். ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். நீங்கள் யாரிடமும் சொல்லாததை இனி நான் எல்லோரிடமும் சொல்வேன். கேட்டில் பெயர் வைத்தவர்களிடம், டீக்கடையில் சிரித்தவர்களிடம், உங்கள் காலை மட்டும் பார்த்தவர்களிடம். ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்வேன்: என் அப்பா பின்தங்கவில்லை, வெடிக்கிற இடத்தில் தானே வந்து நின்றார்.

உங்களுக்குத் தலைப்பிள்ளையும் கடைசிப் பிள்ளையுமான ஒரே மகள்,
தேன்மொழி
பென்னலூர்