சனிக்கிழமை உன் பக்கத்தில் இருக்கப்போகிறவள்

பிளானோ,
செவ்வாய்க்கிழமை, மத்தியானம்.

என் ஓவியாக் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அண்ணன் அகிலன், பிரீத்தி, பிறந்து நாற்பத்திரண்டு நாளான குட்டிப் பையன் எல்லோரும் சுகம். நம் ஊர் கோபியில் அப்பா தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, அதைத் தினமும் படம் எடுத்து அனுப்பிக்கொண்டு சுகமாக இருக்கிறார். நீயும் ஆதர்ஷ் மாப்பிள்ளையும் பாப்பா ஷ்ரேயாவும் சுகமா என்று வழக்கமாக ஒரு வரி கேட்டுவிட்டு மேலே போய்விடுவேன். இந்த முறை அந்த ஒரு வரியைக் கேட்பதற்காகத்தான் கடிதமே. போனில் கேட்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதலாமென்றால் என் போனில் வருவதெல்லாம் ஹாலில் இருக்கும் ஐபேடிலும் வருகிறது, அண்ணன்தான் எதையோ அப்படி இணைத்து வைத்திருக்கிறான். அதனால் காகிதம். நாளைக்கே போய்ச் சேரும் தபாலில் போடச் சொல்லி அண்ணனிடம் கொடுக்கப்போகிறேன். உள்ளே என்னவென்று கேட்டால் லேகியம் கிண்டும் பக்குவம் என்று சொல்லிவிடுவேன்.

பிரீத்திக்கு உடம்பு தேறிவிட்டது, பூண்டுக் குழம்பை முகத்தைச் சுளிக்காமல் சாப்பிடுகிறாள். அவள் அம்மா ராஜலக்ஷ்மி இன்னும் மூன்று வாரம் இருப்பார்கள். சம்பந்தியம்மாவும் நானும் ஒரே அடுப்பில் சண்டை இல்லாமல் சமைக்கிறோம், அதுவே பெரிய விசேஷம். குட்டிப் பையன் பகலெல்லாம் தூங்குகிறான். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். எனக்குத் தெரியாமல் இருந்தது உன்னுடைய விசேஷம் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. "வசந்தா, நான் ஷ்யாமளா பேசறேன், ஓவியாவோட கீழ் வீடு. அவதான் உங்ககிட்டச் சொல்லச் சொன்னா, அவளுக்குச் சொல்ல வாய் வரல" என்று ஆரம்பித்தார்கள். நீ ஏழு வாரம் என்று சொன்னார்கள். நீயும் மாப்பிள்ளையும் இப்போது வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள், டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், வெள்ளிக்கிழமை ஒன்று, சனிக்கிழமை நான்கு என்று சொன்னார்கள். சனிக்கிழமை முழுவதும் நான் அவள் பக்கத்திலேயே இருப்பேன், நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்றார்கள். ஏன் வேண்டாம் என்று நான் அவர்களிடமும் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கப்போவதில்லை. பாப்பாவுக்குப் பதினோரு மாதம், உன் வயிற்றுத் தையல் இன்னும் இழுக்கிறது, நீ வேலைக்குத் திரும்பி மூன்று மாதம்தான் ஆகிறது. அதெல்லாம் இல்லாவிட்டாலும் அது உங்கள் இரண்டு பேரின் பேச்சு. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மனத்தாங்கல் வேறு இடத்தில். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒருத்தி, நான் ஊருக்குத் திரும்பிய பிறகு கீழ் வீட்டுக்குக் குடிவந்த, நான் முகம்கூடப் பார்க்காத ஒருத்தி, என் மகள் வயிற்றில் என்ன இருக்கிறது என்று எனக்கு முன்னால் தெரிந்துவைத்துக்கொண்டு, கவலைப்படாதே என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாள் பார். பேச்சுக்கு நடுவில் அவர்கள் உன்னைக் கூப்பிட, நீ தூரத்திலிருந்து "இதோ வர்றேன் ஷ்யாமளாம்மா" என்றாய். அது என் காதில் விழுந்தது. போன மாதம்வரை அவர்கள் ஷ்யாமளா ஆண்டிதான். எப்போது அம்மாவானார்கள்? போனை வைத்ததும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா, நீ இந்தச் சில மாதமாக அனுப்பிய பாப்பாவின் படங்களையெல்லாம் எடுத்து அதில் அந்த அம்மாள் எங்கே இருக்கிறாள் என்று தேடினேன். ஒரு படத்தில் தோள் மட்டும் தெரிகிறது, பச்சைக் குர்த்தா. அந்தத் தோளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு பொறாமை வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

போனை வைப்பதற்கு முன்னால் ஷ்யாமளாவிடம், நான் வரட்டுமா என்று கேட்டேன். இங்கே டல்லாஸிலிருந்து உன் சன்னிவேலுக்கு விமானத்தில் நாலு மணி நேரம், அண்ணனிடம் எதையாவது சொல்லி டிக்கெட் போடச் சொல்லியிருப்பேன். அவர்கள் கொஞ்சம் தயங்கி, "அம்மா வந்தா அழுவாங்க, அவங்கள நான்தான் தேத்தணும், இப்ப அதுக்கு எனக்குத் தெம்பில்லன்னு ஓவியா சொல்றா" என்றார்கள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் பாப்பா பிறந்தபோது ஆப்பரேஷன் அறை வாசலில் நான் அழுத அழுகையில் நர்ஸ் உன்னை விட்டுவிட்டு எனக்கு நாற்காலி கொண்டுவந்தாளே, அதை நினைத்துப் பார்த்தேன். நீ சொன்னதில் பொய் இல்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போன புதன்கிழமை நீ கூப்பிட்டாய். நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், எப்போதும்போல் போனைப் புளி டப்பாவில் சாய்த்து ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "அம்மா, பக்கத்துல ஆரு இருக்கறாங்க?" என்று கேட்டாய். "ஆருமில்ல கண்ணு, சொல்லு" என்றேன். சம்பந்தியம்மா இரண்டடி தள்ளி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டு மனிதர்தானே, ஒளிக்க என்ன இருக்கிறது என்றுதான் அப்படிச் சொன்னேன். உடனே அவர்கள், "யாரு, ஓவியாவா, பாப்பா நடக்க ஆரம்பிச்சுட்டாளா?" என்றார்கள். நீ ஆமாம் ஆண்டி என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். அன்று நீ சொல்லத்தான் கூப்பிட்டாய், இல்லையா? எத்தனை வருடமாக நீ என்னிடம் பேசியதெல்லாம் ஒரு சமையலறைக்கே கேட்டிருக்கிறது. உன் முதல் சம்பளம், நீயும் மாப்பிள்ளையும் போட்ட சண்டை, பால் கட்டிக்கொண்டது எல்லாம். எனக்கு அதில் ஒரு பெருமை, என் மகள் தினமும் கூப்பிடுகிறாள் என்று நாலு பேர் கேட்கட்டுமே என்று. ஷ்யாமளா ஒருவேளை போனைக் காதில் வைத்துக் கேட்கிறவர்களாக இருக்கலாம்.

சரி, இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. ஷ்யாமளாவிடம் உன் டாக்டர் கொடுத்த காகிதத்தைத் தமிழில் வரிவரியாகச் சொல்லச் சொல்லி, பிரீத்தியின் மளிகைப் பட்டியலின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாத்திரையில் பெரிதாக ஒன்றும் தெரியாது, கொஞ்சம் குமட்டலாம், லேசாக ரத்தம் பட்டாலும் படலாம், வேலைக்குக்கூடப் போகலாம் என்று போட்டிருக்கிறதாம். சனிக்கிழமைதான் நாள். காலையில் வெறும் வயிற்றோடு இருக்காதே, இரண்டு இட்லியாவது சாப்பிடு. நான்கு மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னால் டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைப் போட்டுக்கொள், வலி வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று இருக்காதே. நான்கையும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் பக்கத்துக்கு இரண்டாக அரை மணி நேரம் அடக்கி வைத்து, பிறகு மிச்சத்தைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். சுண்ணாம்பு மாதிரி இருக்கும், துப்பிவிடாதே. ஒரு மணியிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் வலி பிடிக்கும். மாதவிலக்கு வலியைவிட அதிகம், பிரசவ வலிக்குக் குறைவு. அலை மாதிரி வந்து வந்து போகும். ரத்தம் கட்டி கட்டியாக வரும், எலுமிச்சம்பழ அளவுகூட வரலாம், அதைப் பார்த்துப் பயப்படாதே. அது வெளியே வந்ததும் வலி தானாகத் தணியும். குளிர் நடுக்கும், பல் கிடுகிடுக்கும், வயிறு போகும், வாந்தி வரும், உடம்பு சுடும். அது நோயில்லை கண்ணு, மாத்திரை வேலை செய்வது. இதை இரண்டு முறை படி.

பயப்பட வேண்டியது எது என்றும் இருக்கிறது. பெரிய பேட் ஒரு மணி நேரத்தில் இரண்டு முழுக்க நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே என்றால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். அதற்காகத்தான் அன்றைக்குப் பேட் மட்டும் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், கணக்குத் தெரியும். மறுநாளும் காய்ச்சல் நூறரைக்குப் பக்கத்தில் இருந்தால், கெட்ட வாடை வந்தால், ஒரு பக்கம் மட்டும் தாங்க முடியாமல் வலித்தால், தலை சுற்றி விழப் பார்த்தால், அல்லது ஒரு நாள் ஆகியும் ரத்தமே வராவிட்டால் கூப்பிட வேண்டும். சின்ன விஷயத்துக்குக் கூப்பிடுகிறோமோ என்று கூச்சப்படாதே. அப்புறம் இரண்டு வாரம் விட்டு விட்டுப் படும். பாப்பாவுக்குப் பால் கொடுப்பதைப் பற்றி டாக்டரிடம் நீயே ஒரு வார்த்தை கேட்டுக்கொள். எள்ளு, கருப்பட்டி, கஷாயம் என்று கர்ப்பப்பை சுத்தமாக நான் எதுவும் செய்து அனுப்பவில்லை, கை துறுதுறுத்தது, ஆனால் அனுப்பவில்லை.

இதெல்லாம் மளிகைப் பட்டியலில் எழுதியது மட்டும் இல்லை. நீ ஐந்தாவது படிக்கும்போது ஒரு வாரம் உன்னையும் அண்ணனையும் சித்தி வீட்டில் விட்டிருந்தோமே, அம்மாவுக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லி, நினைவிருக்கிறதா? அது மஞ்சள் காமாலை இல்லை. அப்பாவும் நானும் பேசித்தான் முடிவு செய்தோம். ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அப்பா மஞ்சள் மண்டிக்குப் போய்விட்டார், ஆம்பளைகள் உள்ளே வருகிற வழக்கமில்லை. டாக்டரம்மா நர்ஸிடம் இங்கிலீஷில் பேசினார்கள், என்னிடம் மாத்திரையைக் கொடுத்து, ரத்தம் வரும், பயப்படாதே என்றார்கள். அவ்வளவுதான். எவ்வளவு வரும், எத்தனை மணி நேரம், நடுங்கினால் என்ன செய்வது, ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பதாவதோடு நின்றவள், கடையில் ஜாக்கெட் அளவு சொல்லவே கூச்சப்படுகிறவள், நான் எங்கே கேட்பேன்? மறுநாள் வீட்டில் யாருமில்லாதபோது குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுக்கம் வந்ததும் செத்துப்போகப்போகிறேன் என்றே நினைத்தேன். திங்கட்கிழமை உனக்கு யார் ஜடை பின்னிவிடுவார்கள் என்று அங்கே உட்கார்ந்து யோசித்தேன், சித்திக்குச் சரியாக வகிடு எடுக்க வராதே என்று. மூன்று மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அது அடங்கும் என்று ஒரே ஒரு ஆள் முன்னால் சொல்லியிருந்தால் போதும். அதனால் உன் மேலும் எனக்குப் பொறாமைதான் கண்ணு. உனக்குக் காகிதம் இருக்கிறது, இரவு பகல் எப்போது கூப்பிட்டாலும் எடுக்கிற நம்பர் இருக்கிறது, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறையில் இருக்கிற புருஷன் இருக்கிறான். இந்த மாநிலத்தில் சட்டம் விடாது, டாக்டர்கள் அந்த மாத்திரையைக் கொடுக்க மாட்டார்கள் என்று பிரீத்தி ஒரு நாள் டிவி பார்த்துச் சொன்னாள். நீ வேறு மாநிலத்தில், சன்னிவேலில் இருப்பது நல்லது என்று எனக்கு முதல் தடவையாகத் தோன்றியது. பிளானோவுக்கு மாறி வந்துவிடு என்று உன்னை நச்சரித்தவளும் நான்தான்.

இன்று காலையில் காருக்குள் போய் உட்கார்ந்து, கராஜ் கதவையும் மூடிக்கொண்டு, ஷ்யாமளாவுக்கு நானே போன் செய்தேன். சண்டை போடத்தான் கூப்பிட்டேன் என்றும் வைத்துக்கொள். என் மகளைத் தாழ் போட விடாதீர்கள், வாசலில் நாற்காலி போட்டு உட்காருங்கள், நீங்கள் அழக் கூடாது, அவளிடம் பேசிக்கொண்டே இருக்காதீர்கள், அவளுக்கு வலிக்கும்போது யார் பேசினாலும் பிடிக்காது, முதுகில் கை மட்டும் வையுங்கள், தடவக் கூடாது, வைத்தால் போதும் என்று மாமியார் மாதிரி உத்தரவு போட்டேன். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார்கள். கடைசியில், "உங்களுக்கு யாரு கூட இருந்தா வசந்தா?" என்று கேட்டார்கள். நான் ஒன்றும் சொல்லாமலே அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. "ஆருமில்லைங்க" என்றேன். பிறகு மேலே சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். இருபது வருடத்துக்கு மேல் அப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாததை, முகம் பார்க்காத ஒருத்தியிடம், காரில் உட்கார்ந்துகொண்டு. அவர்கள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நானும் உனக்கு முன்னால் அவர்களிடம்தான் சொல்லியிருக்கிறேன். உன்னைப் பிடிக்காமலா சொன்னேன்? உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். இதைக் கேட்டு உனக்கும் ஷ்யாமளா மேல் கொஞ்சம் பொறாமை வந்தால் எனக்குச் சந்தோஷம், வைத்துக்கொள். நான் வரவில்லை. சனிக்கிழமை அவர்களே உன் பக்கத்தில் இருக்கட்டும்.

நல்லபடியாக முடிந்து, நீ நன்றாகத் தூங்கி எழுந்து, பாப்பாவோடும் மாப்பிள்ளையோடும் உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும் சாமி. என் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு, நீ எதைச் செய்தாலும் உண்டு. மறக்காதே, இரண்டு பேட், இரண்டு மணி நேரம். சனிக்கிழமை அவர்கள் ரசம் வைத்துக் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். சூடாக இருக்கும்போதே மிச்சம் வைக்காமல் சாப்பிடு. நன்றாக இருந்தது என்று மட்டும் என்னிடம் சொல்லாதே.

உன் அம்மா,
வசந்தாமணி